ஷட்டரை யாருக்குத் தூக்க வேண்டும்: ஒரு கறிக்கடைக்காரரின் அனுபவம்

உள்ளே விடத் தேவையில்லாத ஆட்களை விட்டதோடு நிற்காமல் பணமும் கொடுத்து அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, விட்டே ஆக வேண்டிய ஒருவர் வந்து நின்றபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "லெட்டர் இருந்தா கொண்டாங்க சார்" என்றேன். இரண்டு கூத்தும் கடலூரில் கூத்தப்பாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் கறிக்கடையில்தான் நடந்தது. அப்பா காலத்துக் கடை. முன்னால் ஆட்டுக்கறி, பக்கவாட்டில் கோழிக்கூண்டு, பின்கட்டில் வீடு. இந்தக் கடைசி விஷயம், அதாவது வீடும் கடையும் ஒட்டிக்கொண்டிருப்பது, எவ்வளவு பெரிய தலைவலி என்று பின்னால் சொல்கிறேன்.

2022-இல் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ரோடு வரைக்கும் வரிசை. கட்டையில் நான், கூண்டுப் பக்கம் கடைப் பையன், கல்லாவில் அம்மா. அந்த நெருக்கடியில் கழுத்தில் கார்டு தொங்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே நேராகக் கூண்டுப் பக்கம் போய்விட்டார். பையன் நான்கு கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான், எல்லாக் கடையிலும் தூக்குவது போலத்தான். அவ்வளவுதான், சத்தம் ஆரம்பித்துவிட்டது. "அனிமல் வெல்ஃபேர்ல இருந்து வர்றோம், இது கேஸ் தெரியுமா, இப்பவே சீல் வைப்போம்" என்றார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருக் கடைக்கு நழுவ ஆரம்பித்தார்கள். பத்தாயிரம் ஃபைன் என்றார்கள், கெஞ்சினேன், நான்காயிரத்தில் முடிந்தது. ரசீது கேட்கவில்லை. அன்றைக்கு அறுத்த ஆட்டுக்கறி அத்தனையும் கொக்கியில் தொங்குகிறது, ரசீதா நினைவுக்கு வரும்? போகும்போது அரைக்கிலோ சந்துக்கறியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். விலங்கு நலத்துக்காக வந்தவர்கள் சந்துக்கறி கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. மனதில் நின்றது ஒன்றுதான், இனி எவன் கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாலும் வாசலோடு சரி.

அந்த வைராக்கியத்தை 2023 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தவறான ஆளிடம் காட்டினேன். சாதாரண பேண்ட் சட்டை, கையில் ஒரு ரெக்சின் பை, கூட ஒரு உதவியாளர். "ஃபுட் சேஃப்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கொக்கியைப் போட்டு ஷட்டரை இடுப்பளவுக்கு இழுத்துவிட்டேன். வாரண்ட் இருக்கிறதா என்று வேறு கேட்டேன். சினிமா பார்த்து வளர்ந்தவன்தானே.

அவர் கோபப்படவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கோபப்பட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அடையாள அட்டையைக் குனிந்து ஷட்டருக்கு அடியில் நீட்டினார். "தம்பி, யாருன்னு நீங்க கேக்கறது தப்பில்ல. கார்டைப் படிங்க. சந்தேகம்னா எங்களுக்கு மேல இருக்கற மாவட்ட நியமன அலுவலர் ஆபீசுக்கு போன் போட்டுக் கேளுங்க, அஞ்சு நிமிஷம் நிக்கிறேன். அதுக்கப்புறமும் ஷட்டர் கீழயே இருந்துச்சுன்னா நான் 62 எழுத வேண்டி வரும்" என்றார்.

62 என்றால் என்ன என்று அப்போது தெரியாது. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் தன் வேலையைச் செய்யும்போது தக்க காரணம் இல்லாமல் தடுத்தாலோ, மிரட்டினாலோ, கை வைத்தாலோ மூன்று மாதம் வரை சிறை, கூடவே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இன்னொன்றும் அதே பிரிவில் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: அந்த அலுவலர் மாதிரி வேஷம் போட்டு வருகிறவனுக்கும் அதே தண்டனைதான்.

எதிர் டீக்கடை அண்ணன்தான் ஓடிவந்து, "டேய், தூக்குடா மொதல்ல" என்று அதட்டினார். தூக்கினேன்.

உள்ளே வந்து அவர் செய்த முதல் காரியம் கறியைப் பார்ப்பது இல்லை. டீக்கடை அண்ணனையே பார்த்து, "நீங்க சாட்சியா நிக்க முடியுமா" என்று கேட்டார். அப்போது ஏதோ என்னை மாட்டிவிடப் பார்க்கிறார் என்று பயந்தேன். பிறகுதான் புரிந்தது, அது எனக்கான பாதுகாப்பு. 38-ஆவது பிரிவு அவருக்குப் பெரிய அதிகாரம் கொடுக்கிறது: விற்பதற்காக உணவு தயாரிக்கிற, வைத்திருக்கிற, காட்சிக்கு வைக்கிற எந்த இடத்துக்குள்ளும் நுழையலாம், பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், சட்டத்துக்குப் புறம்பானது என்று தோன்றினால் கைப்பற்றலாம். இதற்கு முன்கூட்டி நோட்டீஸ் தேவையில்லை, நீதிமன்ற வாரண்டும் தேவையில்லை. ஆனால் அதே பிரிவு அவர் கையையும் கட்டுகிறது. மாதிரி எடுத்தால், சோதனை போட்டால், அழித்தால், ஒருவரையோ அதற்கு மேலோ சாட்சியாக அழைத்து அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். நுழைவதும் தேடுவதும் முடிந்தவரை, வாரண்டோடு வருகிற போலீஸ்காரர் பின்பற்ற வேண்டிய முறைப்படி இருக்க வேண்டும். அதாவது கடைக்காரன் கூடவே இருக்கலாம், எடுத்த பொருளின் பட்டியலில் ஒரு நகல் அவன் கைக்கு வர வேண்டும். அன்றைக்கு இதற்கெல்லாம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. தேடுதலையும் கைப்பற்றுவதையும் போலீசார் வீடியோவில் பதிய வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. நான் அன்றைக்கே என் போனில் வீடியோ எடுத்தேன், முதலில் திமிராக, பிறகு பழக்கமாக. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாதிரி எடுத்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் ஆட்கள் பெருந்தன்மை காட்டி ஏமாறுகிறார்கள். ஞாயிறு, செவ்வாய் இரண்டு நாளும் மசாலா தடவிய கோழி வைத்து விற்போம், வாங்கிப் போய் எண்ணெயில் போட்டால் போதும் என்கிற மாதிரி. சிவப்பாக இருக்கும். தட்டைப் பார்த்ததும், கலர் பவுடர் சேர்க்கிறீர்களா என்று கேட்டார். காஷ்மீரி மிளகாய்த்தூள் சார் என்றேன். சரி, மாதிரி எடுத்துக்கொள்கிறேன் என்று எடை போடச் சொன்னார். பணம் நீட்டினார். "பரவால்ல சார், எடுத்துக்குங்க" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. அவர் விடவில்லை. வாடிக்கையாளருக்கு விற்கிற விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம், பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பணம் வாங்காமல் கொடுத்தால் அது மாதிரியா அன்பளிப்பா என்று பின்னால் யாராவது கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். படிவம் 5ஏ என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார், எதை, எங்கே, எப்போது, எதற்காக எடுக்கிறார் என்று எழுதியது. அந்தத் தாள் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

எடுத்ததை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டி அரக்கு வைத்துச் சீல் போட்டார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலர் பொறுப்பில். நான்காவது பங்கு? "உங்களுக்கு வேணும்னா இதை அங்கீகாரம் பெற்ற வேற லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம், செலவு உங்களோடது" என்றார். செலவு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். இது தப்பு. இரண்டு ஆய்வகத்தின் முடிவும் வேறுபட்டால் மேல் ஆய்வகத்துக்குப் போகும். அந்த வாய்ப்பை ஒரு தலையாட்டலில் விட்டுவிட்டேன். பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த நாட்களில் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் மிளகாய்த்தூளை அரைத்துக் கொடுத்தது நான் இல்லை, மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கியது. அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அப்போது தெரியாது. நல்லவேளை, கலர் இல்லை என்று வந்தது. அன்றிலிருந்து மிளகாயை நாங்களே வாங்கி மில்லில் நின்று அரைக்கிறோம்.

சரி, ஃபிரிட்ஜ் கதைக்கு வருகிறேன்.

கடையில் இருந்த பெட்டி சின்னது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுகிற கோழியைப் பின்கட்டில் வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பது பழக்கம். கடைப் பெட்டியைப் பார்த்து முடித்தவர், "இவ்ளோதானா ஸ்டாக்?" என்று கேட்டபோது பையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "வீட்ல கொஞ்சம் இருக்கு சார்" என்றான். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குள்ள எதுக்குங்க வரணும், அது கடை இல்லீங்களே" என்றார். எனக்கும் அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

சட்டம் பார்ப்பது பலகையை இல்லை, பொருளை. விற்பதற்காக உணவு வைத்திருக்கிற இடம் எதுவோ அதற்குள் வரலாம். வீட்டு ஃபிரிட்ஜில் விற்பனைக் கறியை வைத்த நிமிஷம், அந்த ஃபிரிட்ஜ் வரைக்கும் வீட்டைக் கடையாக்கியது நான்தான், அவர் இல்லை. இருந்தாலும் அவர் அடித்துப் பிடித்து நுழையவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மாவையே முன்னால் போகவிட்டு, நான், சாட்சி, அவர் என்று வரிசையாகப் போனோம். ஃபிரிட்ஜைத் திறந்தால் மேல் தட்டில் இட்லி மாவு, கீழ்த் தட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி நான்கு கிலோ, கேரிபேக்கில், தேதி எதுவும் இல்லாமல். இடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒரு ஓரம் நிறம் மாறி, வாடையும் இருந்தது. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கிருமிநாசினி ஊற்றி, குழி தோண்டிப் புதைத்தார்கள். கெட்டுப்போய்ச் சாப்பிட லாயக்கில்லாத பொருளை அப்படி அழிக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். வாயால் சொல்லி அள்ளிக்கொண்டு போக முடியாது.

நான்கு கிலோ போனது பெரிதில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க நம் கறி குழிக்குள் போவது இருக்கிறதே. அம்மா அந்த மாவையும் கொட்டிவிட்டார், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கடைசியாகத்தான் பெரிய குண்டு. சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எத்தனை கோழி போகும்?" நான் பெருமையாக, நூற்று இருபதுக்குக் குறையாது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். 2011-ஆம் வருட உரிமம், பதிவு விதிமுறைகளின் கணக்குப்படி, சின்ன வியாபாரத்துக்கான பதிவில் ஒரு நாளைக்கு 50 கோழி, அல்லது 10 ஆடு, அல்லது 2 மாடு, அவ்வளவுதான் அறுக்கலாம். அதைத் தாண்டினால் மாநில உரிமம் வேண்டும். கோழிக்கு 50-க்கு மேல் 1,000 வரை மாநில உரிமம், அதற்கும் மேலே மத்திய உரிமம். வருடம் நூறு ரூபாய் கட்டிப் பதிவை வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் அறுத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் முப்பது கோழிகூடப் போகாது சார் என்று வாதாடிப் பார்த்தேன். "விதியில சராசரின்னு இல்ல தம்பி, ஒரு நாளைக்குன்னு இருக்கு" என்றார். உங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை இப்போதே எண்ணிப் பாருங்கள்.

சில நாளில் நியமன அலுவலரிடமிருந்து முன்னேற்ற அறிவிப்பு வந்தது. இன்னின்ன குறை, இன்னின்ன நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று. 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது 32-ஆவது பிரிவு. இதை நம் ஆட்கள் ஃபைன் நோட்டீஸ் என்று நினைத்து மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். கடையை நிறுத்தாமல் திருத்திக்கொள்ளக் கொடுக்கிற வழி அது. கண்டுகொள்ளாமல் விட்டால்தான் உரிமத்தை நிறுத்திவைப்பது, பிறகு ரத்து என்று போகும். வேலையாட்களுக்கு மருத்துவச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஈ வராமல் வலை, கழிவுக்கு மூடி போட்ட தொட்டி, கடைக்கென்று தனியாக ஃபிரீசர். செலவு ஆனது, மறைப்பானேன். புளியங்கட்டையைத் தூக்கச் சொல்வார்கள் என்று பயந்தேன், அப்பா வாங்கிப்போட்ட கட்டை அது. ஆனால் விதிமுறையில் கட்டைக்குத் தடை இல்லை. கெட்டியான மரமாக, கறியில் சிம்பு ஒட்டாததாக இருந்தால் போதும். சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, அதிலேயேதான் இன்றைக்கும் வெட்டுகிறேன்.

இந்த அமளியெல்லாம் அடங்கியபின் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் வக்கீல் அண்ணனைப் பார்க்கப் போனேன். போனது இந்த நோட்டீசுக்காக. பேச்சுவாக்கில் தீபாவளிக் கதையைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பத்தாயிரமா கேட்டாங்க? சட்டத்துல எவ்ளோன்னு தெரியுமா?" 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆவது பிரிவுப்படி வதைக்கு முதல் தடவைக்கான அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அறுபது வருடம் தாண்டியும் அதே தொகைதான். அதையும் விதிக்க வேண்டியது நீதிமன்றம், வாசலில் நிற்கிறவர் இல்லை. (ஐம்பது ரூபாய் போதுமா என்பது வேறு விவாதம். நான் கறிக்கடைக்காரன், ஆனால் அது போதாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.)

உணவுக்காக அறுப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை, தேவையில்லாத வலி கொடுத்தால்தான் குற்றம். ஆனால் அவர்கள் பிடித்தது முழுக்கப் பொய்யும் இல்லை என்றார் வக்கீல் அண்ணன். கோழியைக் கொத்தாகக் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோவது வதைதான், அதற்கு வழக்குப் போட முடியும். இதைக் கேட்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இப்போது பையன் கூடையில் வைத்துத் தூக்குகிறான். ஒன்றிரண்டு நிமிஷம் கூட ஆகிறது, ஆகட்டும்.

அப்புறம் அவர் விளக்கினதுதான் முக்கியமானது. விலங்கு நலம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லோரும் போலி இல்லை. 2001-ஆம் வருட இறைச்சிக்கூட விதிகளில் 9-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியமோ, அந்த வாரியம் அதிகாரம் கொடுத்த நபரோ, அமைப்போ எந்த இறைச்சிக்கூடத்தையும், உரிமையாளருக்கு முன்னறிவிப்பே இல்லாமல், வேலை நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி 1962-இல் தலைமையேற்றுத் தொடங்கிய வாரியம் அது, வெகுகாலம் சென்னையில்தான் இருந்தது. எனவே வாரியம் என்று ஒன்று கிடையாது, போய்யா என்று விரட்டுவதும் ஆபத்து. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஆளுக்கு வாரியம் கொடுத்த அதிகாரக் கடிதம் இருக்கிறதா. நம் இடம் அந்த விதி சொல்கிற இறைச்சிக்கூடமா, ஏனென்றால் நாளொன்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ விலங்குகளை அறுக்கிற, முறையாக உரிமமோ அங்கீகாரமோ பெற்ற இடத்தைத்தான் விதி அப்படிச் சொல்கிறது. என் கடை அதில் வருமா என்பதே வாதாட வேண்டிய விஷயம். மூன்றாவது, பார்த்து முடித்தபின் அவர் என்ன செய்யலாம். அறிக்கை எழுதி வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் அனுப்பலாம். வழக்கு உட்பட நடவடிக்கை எடுப்பது அதற்குப் பிறகு. அவரே அபராதம் வாங்க முடியாது, சீல் வைக்க முடியாது, கல்லாப் பக்கம் கையை நீட்டவே முடியாது. சந்துக்கறியும் கேட்க முடியாது, அது நான் சேர்த்துக்கொண்டது.

"அன்னிக்கே ஏன் 100-க்கு போன் போடல?" என்று கேட்டார். பதில் இல்லை. வரிசையில் ஆட்கள் நின்றார்கள், கறி தொங்கியது, அதுதான் பதில். போலி ஆட்கள் ஞாயிறும் பண்டிகையும் பார்த்து வருவது இதனால்தான்.

வேலை நேரம் என்ற வார்த்தையை மச்சான்தான் கிளறினார். அக்காவைக் கொடுத்திருப்பது புதுச்சேரி அரியாங்குப்பத்தில். மச்சானுக்கும் கறிக்கடை, ஆடு மட்டும். அவரும் இன்னும் சில கடைக்காரர்களும் உரிமம் உள்ள ஒரு கூடத்தில் விடியற்காலை ஆடு அறுக்கிறார்கள். "வேலை நேரம்னா பத்து மணிக்கு மேலதானே வருவாங்க, அதுக்குள்ள நாங்க கழுவிவிட்டுட்டுப் போயிடுவோமே" என்றார். அவர் ஆபீஸ் நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூடத்துக்கு வேலை நேரம் என்றால் கூடம் வேலை செய்கிற நேரம். நான்கு மணிக்குக் கத்தி எடுத்தால் நான்கு மணிக்கு வரலாம். கழுவிவிட்ட கூடத்தைப் பார்த்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

அந்த நேரத்தில் வருகிறவர் எதையெல்லாம் பார்ப்பார் என்பதையும் அதே விதிகளை வைத்து மச்சானுக்குச் சொன்னேன். கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதி என்று சான்று கொடுத்த ஆடுதானா. அந்த மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேல், நாளுக்கு 96-க்கு மேல் பார்க்கக் கூடாது, எனவே ஒரே மணி நேரத்தில் நாற்பது ஆட்டுக்குச் சீல் விழுந்திருந்தால் கேள்வி வரும். மருத்துவர் பார்த்தபின் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்தார்களா. சினை ஆடு இருக்கிறதா, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி இருக்கிறதா, மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை உடைய தாய் ஆடு இருக்கிறதா. ஒரு ஆட்டின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கிறார்களா. கத்தி பிடிக்கிறவருக்கு 18 வயது ஆகிவிட்டதா. மச்சான் இதில் இரண்டு இடத்தில் மௌனமாக இருந்தார், நான் தோண்டவில்லை.

எல்லைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. எங்கள் கடையிலிருந்து அரியாங்குப்பம் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பெண் எடுப்பதும் கொடுப்பதும் கறி வாங்குவதும் இரண்டு பக்கமும்தான். ஆனால் கடலூர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் அதிகாரம் அவருக்கு ஒதுக்கிய பகுதியோடு சரி, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி ஆள்தான் வர வேண்டும். உணவுச் சட்டமும் வதைத் தடுப்புச் சட்டமும் மத்தியச் சட்டங்கள், இரண்டு பக்கமும் ஒன்று. நகராட்சிச் சட்டம் மட்டும் வேறு வேறு. மச்சான் கடையில் கூட்டம் என்றால் என் கடையிலிருந்து கறி போகும். இப்போது அப்படிப் போகும்போது எங்கே அறுத்தது, எப்போது, எத்தனை கிலோ என்று ஒரு சீட்டு கூடவே போகிறது. வழியில் நிறுத்தினால் வண்டியில் இருக்கிற கறிக்கு வாய் கிடையாது, சீட்டுதான் பேச வேண்டும்.

மற்றவர்களும் வருவார்கள். சுகாதார ஆய்வாளர் வருவார், பெரும்பாலும் கேரிபேக்குக்கு. 2019-இலிருந்து தடை, எனக்கு ஒரு தடவை அபராதம் போட்டார்கள், ரசீதோடு, நியாயமாக. கறிக்கடை மூட வேண்டிய நாட்களிலும் ஒரு சுற்று வருவார்கள். வடலூர் நம் மாவட்டத்தில் இருப்பதால் தைப்பூசத்தன்று யாரும் துணிந்து திறப்பதில்லை, ஆனால் மகாவீர் ஜெயந்தி தேதி மறந்துபோய் மாட்டுகிறவர்கள் உண்டு. எடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வருவார், எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும். ரத்தத் தண்ணீர் வாய்க்காலில் போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரலாம், 1974-ஆம் வருட நீர்ச் சட்டம் அவர்களுக்கு எந்த நேரத்திலும் நுழையும் உரிமை கொடுக்கிறது. மாட்டுக்கறி விற்கிற பாய் ஒருவர் பழக்கம், அவருக்கு இன்னொரு தாள் கூட வேண்டும்: தமிழ்நாட்டில் 1958-ஆம் வருட விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேலானது, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்ற சான்று. அது கையில் இல்லாமல் அவர் மாட்டைத் தொடுவதே இல்லை.

ஆக, இப்போது என் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபைலும் ஒரு நோட்டும் இருக்கின்றன. ஃபைலில் உரிமம், மருத்துவச் சான்றுகள், தண்ணீர் அறிக்கை, தராசுச் சான்று, ஆடு அறுத்த கூடத்தின் ரசீதுகள். நோட்டில் வருகிறவர் பெயர், பதவி, எந்தச் சட்டம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. நிஜ அலுவலர் யாரும் இதுவரை அந்த நோட்டில் கையெழுத்துப் போட மறுத்ததில்லை. கடந்த ஆடி மாதம் கழுத்துக் கார்டோடு ஒருவர் வந்தார், நோட்டை நீட்டினேன், "அப்புறமா வர்றேன்" என்று போனவர்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேண்டுமென்றே, காரணம் இல்லாமல் தொல்லை கொடுத்துப் பொருளைக் கைப்பற்றினால் அவருக்கும் உணவுச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. அதைச் சொல்லி வாசலில் சண்டை போடாதீர்கள். பொய்ப் புகார் கொடுத்தால் அதே பிரிவில் நமக்கும் 50,000-க்குக் குறையாமல் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு, எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எழுத்தில் கேளுங்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்கு மச்சான் போன். பின்னால் ஆடு கத்துகிற சத்தம்.

"மாப்ள, கூடத்துக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. விலங்கு வாரியமாம். என்ன பண்ண, கேட்டைச் சாத்திடவா?"

"கடிதம் இருக்கான்னு கேளுங்க மச்சான்."

கொஞ்ச நேரம் போனில் முணுமுணுப்பு. "இருக்காம். காட்டறாங்க. சீல் எல்லாம் இருக்கு."

"போட்டோ எடுத்துக்கிட்டு உள்ள விடுங்க. கூடவே நில்லுங்க. பணம் கேட்டாங்களா?"

"இல்ல. டாக்டர் நேத்து எத்தன மணிக்கு வந்தார்னு கேக்கறாங்க."

"எத்தன மணிக்கு வந்தார்?"

மச்சான் பதில் சொல்லவில்லை. ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் "நான் அப்புறம் பேசறேன் மாப்ள" என்று வைத்துவிட்டார்.